14ஆவது கேள்விக்கு நான் ஏன் இன்னும் பதில் போடவில்லை

வெளிநாட்டுப் பள்ளிகளுக்குத் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்பிவைக்கும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் உங்களில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று ஒரு கருத்துப் படிவம், மொத்தம் 22 கேள்விகள். விமான நிலையத்தில் அழைத்துப்போக ஆள் நேரத்துக்கு வந்தாரா, அறையில் வைஃபை இருந்ததா, வார இறுதியில் சுற்றிப்பார்க்க நேரம் கிடைத்ததா, நண்பர்களுக்கு எங்களைப் பரிந்துரைப்பீர்களா, இப்படி. 13 வரைக்கும் மளமளவென்று டிக் அடித்துக்கொண்டே போனேன். 14இல் கை நின்றுவிட்டது. "உங்களைத் தங்கவைத்த குடும்பத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

படிவத்தில் சொல்ல இடமில்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, நான் போன நாட்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. அந்த வீடு இன்னும் உங்கள் பட்டியலில் இருக்கிறது, ஒரு அடையாளம் சொன்னாலும் இன்னார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அப்புறம் அவர்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிடுவீர்கள். அந்த வீட்டுக்கு அந்தப் பணம் தேவைப்படுகிறது. அதனால் மடல் உங்கள் எல்லோருக்கும்தான். உங்களில் நாலைந்து பேரின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் படம்தான் இருந்தது: நடுவில் ஒரு வெளிநாட்டுக்காரர், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துக் குழந்தைகள். எந்தப் படத்திலும் அந்தக் குழந்தைகளின் டீச்சர் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான் ஆறு வாரம் இருந்தேன். மற்றவர்கள் இரண்டு வாரம்தான் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் "தனி அறை, உள்ளே தாழ்ப்பாள், மேசை, அலமாரி" என்று போட்டிருந்தீர்கள். எல்லாமே இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு 16 வயது. தினமும் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் கதவை மெல்லத் தட்டுவாள். ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே உள்ளே வந்து அலமாரிப் பக்கம் போவாள். நம்மிடம் பேசிப் பழக ஆசைப்படுகிறாள்போல என்று நினைத்து, அவளை உட்காரவைத்து அரை மணி நேரம் இங்கிலீஷில் பேச்சுக் கொடுப்பேன். உனக்கு என்ன நிறம் பிடிக்கும், பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய். பாவம், எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, போகும்போது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

இரண்டாவது வாரம், அலமாரியின் வலது பக்கக் கதவை முதல்முறையாகத் திறந்தேன். உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மொழி தெரியாவிட்டாலும் தேதியும் கிழமையும் கட்டம் போட்டிருந்தால் அது என்ன என்று யாருக்கும் புரியும். பரீட்சை அட்டவணை. முதல் பரீட்சை, நான் அந்த வீட்டுக்குப் போன மூன்றாம் நாள். அறை அவளுடையது, மேசை அவளுடையது. அவள் சமையலறையை ஒட்டிய நடையில் பாட்டியோடு படுத்து, அங்கேயே விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மறுநாளைப் பரீட்சைக்குப் புத்தகம் எடுக்க வந்தவளைத்தான் நான் நிறம் கேட்டு உட்காரவைத்திருக்கிறேன்.

அவள் அம்மாவை அவர்கள் மொழியில் அக்கா என்பதற்கு என்ன சொல்லோ அதைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அறையை மாற்றிக்கொள்ளலாம் அக்கா என்று நானும் சைகையும் அரைகுறை மொழியுமாகச் சொல்லிப் பார்த்தேன். முகம் சுண்டிவிட்டது. உங்கள் ஆள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவாராம், தனி அறை இல்லை என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாராம். சரி, மேசையை மட்டுமாவது நடைக்குத் தூக்கிப் போடுவோம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். அந்த வீட்டில் நான் இறக்கிய பாரம் அந்த ஒரு மேசைதான்.

இதில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இல்லை, என்னைத்தான் எவ்வளவு குறை சொல்ல முடியும்? இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, பிள்ளைகளுக்கு எப்போது பரீட்சை என்று கேட்க உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நான் காபி குடிப்பேனா டீ குடிப்பேனா என்றுகூடப் படிவத்தில் கேட்டிருந்தீர்கள்.

ஒருநாள் அக்கா, நீ இவர்களுக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்டார். நான் பாதியைச் சொன்னேன். அதற்கே வாயைப் பிளந்துவிட்டார். பிறகு தன் கைக்கு வருவது எவ்வளவு என்று விரல் விட்டுச் சொன்னார், அதுவும் எனக்கு முன்னால் வந்தவருக்கான பணம் இன்னும் வரவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் எத்தனை நட்சத்திரம் போடுவது?

உங்கள் பக்கமும் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி, உங்கள் ஒருங்கிணைப்பாளர் மழையில் வண்டி பிடித்து வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் விடியும்வரை கூடவே இருந்தார். அந்த மனுஷருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும், நிறையவே கொடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். கட்டணத்தில் வீட்டுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று ரசீதில் நான்கு வரி போட்டு, அதே ரசீதின் நகலை அக்காவிடமும் கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த தொகை அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி பள்ளிக்கூடம். முதல் நாள் வகுப்புக்குள் போய், மை நேம் இஸ் என்று ஆரம்பித்ததும் முன் பெஞ்சில் ஒரு பையன் மீதியை முடித்துவைத்தான். ஐ யாம் ஃப்ரம், ஐ லைக், வாட் இஸ் யுவர் நேம், அப்படியே வரிசை மாறாமல். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். தலை, தோள், முட்டி என்று தொட்டுக் காட்டும் விளையாட்டைத் தொடங்கினேன், என்னைவிட வேகமாக ஆடினார்கள். பழங்களின் பெயர், நிறங்களின் பெயர், எல்லாம் அத்துபடி. இரண்டு வாரத்துக்கு ஒருவர் வந்து முதல் பாடத்தையே நடத்திவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைகள் முதல் பாடத்தில்தானே மேதையாக முடியும்? இடைவேளையில் ஒரு சின்னப் பெண் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி என் பெயர் அல்ல, எத்தனை நாள் என்பது.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி வாசல் பக்கம் எட்டிப்பார்த்தார், எனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று. உங்கள் பிரசுரத்தில் இருந்த பொன்னிற முடி வெள்ளைக்காரரைத்தான் எதிர்பார்த்திருப்பார்போல. அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை, அந்தப் படத்தை அவருக்குக் காட்டியது நீங்கள்.

வகுப்பு டீச்சர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். நான் ஆடிப் பாடுவதைப் பார்த்துச் சில நேரம் சிரிப்பார், சில நேரம் சன்னல் வழியாக வெளியே பார்ப்பார். நாலாவது வாரம்தான் தெரிந்தது, பருவத் தேர்வுக்குள் அவர் ஒன்பது பாடம் முடிக்க வேண்டும், நான் வந்த புண்ணியத்தில் ஆறிலேயே நிற்கிறது. அவருடைய பீரியட்களைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். யார் கொடுத்தது என்று கேட்டேன், மேலே இருந்து வந்தது என்றார். மேலே என்றால் தலைமையாசிரியர், அவருக்கு மேலே நீங்கள்.

ஒருநாள் பலத்த மழை. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள், அவர்களும் ஒரு மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் பாடக்குறிப்பு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி என் முன்னால் வைத்தார். பென்சிலால், பொடி எழுத்தில், இங்கிலீஷ் சொற்கள். மூன்று பக்கம். எல்லாம் அவருக்கு உச்சரிப்பில் சந்தேகம் உள்ள சொற்கள். வென்ஸ்டே என்பதில் அந்த டி எங்கே போகிறது, ஐலண்டில் எஸ் எதற்கு, கம்ஃபர்டபிள் என்பதை முழுசாகச் சொல்லலாமா கூடாதா. பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் நாலு வருஷமாகச் சேர்த்துவைத்திருக்கிறார். ஏன் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை என்றேன். வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு விளையாட வந்தவர்கள், என்னோடு உட்கார யார் வந்தார் என்றார். கோபமாக இல்லை, நிலவரம் சொல்வதுபோல.

எனக்கும் சின்ன வயதில் இதே பட்டியல் இருந்தது. இங்கிலீஷ் எனக்கும் படித்து வந்த மொழிதான், பிறந்தது முதல் பேசிய மொழி அல்ல. வென்ஸ்டேயை வெட்னெஸ்டே என்று சொல்லி வகுப்பில் மற்றவர்கள் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது. அதனால் அந்தச் சொற்களில் எங்கே இடறும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சில சொற்களுக்கு நானும் அகராதியைத்தான் திறந்தேன், இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டோம். மழை விடும்வரை ஒன்றரை மணி நேரம். ஆறு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். நான் போன பிறகும் அவர் அங்கே இருப்பார், இன்னும் 20 வருஷம் பிள்ளைகளுக்கு வென்ஸ்டே சொல்லிக்கொடுப்பார். இப்படி ஒரு வேலைக்கு ஆள் தேவை என்று உங்கள் தளத்தில் நான் எங்கும் பார்க்கவில்லை. குழந்தைகள் இல்லாத படத்தைப் போட்டால் யார் பணம் கட்டுவார் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத புது விஷயம் இல்லை. உங்கள் தொழிலின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினாலே போதும். பிரிட்டனில் வி.எஸ்.ஓ. அமைப்பு 1958இல் தொடங்கியபோது, பள்ளி முடித்த 18 வயதுப் பையன்களைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. இன்று அதே அமைப்பு பெரும்பாலும் தொழில் அனுபவம் உள்ளவர்களைத்தான் தேடுகிறது. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961இல் முதல் குழுவாக 51 ஆசிரியர்களை கானாவுக்கு அனுப்பியது. அவர்கள் அக்ரா விமான நிலையத்தில் இறங்கியதும் அந்த ஊர் ட்வி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பாட்டு என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம், ஆனால் ஊருக்குள் நுழையும்முன் ஒரு பாட்டளவுக்காவது அந்த மொழியைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போதும் அங்கே சேவைக் காலம் 27 மாதம். முதல் மூன்று மாதம் பயிற்சி, பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி படிக்கும் காலம். போகிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, சாப்பாட்டுச் செலவுக்கு அவர்களே கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் வெளியுறவு அரசியல் நோக்கம் அதில் இல்லாமல் இல்லை, அது வேறு பஞ்சாயத்து. ஜப்பான் 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வெளிநாட்டு இளைஞர்கள் பெரும்பாலும் உதவி ஆசிரியர்கள். சம்பளம் உண்டு, வகுப்பில் ஜப்பானிய ஆசிரியரோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

எனக்கு இவற்றையெல்லாம்விட மனதில் நிற்பது கியூபா. அதே 1961இல், ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவர்கள், அதில் பலர் பதின்ம வயதுப் பிள்ளைகள், எழுத்தறிவு இயக்கத்துக்காக மலைக் கிராமங்களுக்குப் போய் விவசாயக் குடும்பங்களோடு தங்கினார்கள். பகலில் அந்தக் குடும்பத்தோடு வயலில் வேலை, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுத்து. அந்த ஒரே வருஷத்தில் ஏழு லட்சம் பேர் எழுதப்படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அது சொந்த நாடு, சொந்த மொழி, அரசே நடத்திய இயக்கம், பிரச்சாரமும் அதில் கலந்திருந்தது, எல்லாம் சரிதான். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சாமான்களைப் பாருங்கள்: லாந்தர் விளக்கு, புத்தகங்கள், போர்வை, கூடவே கட்டித் தொங்கவிட்டுப் படுக்கும் தூளி. படுக்கையைத் தாங்களே கொண்டுபோனார்கள். யாரோ ஒருவர், எங்கோ ஒரு அலுவலகத்தில், அந்தக் குடிசையில் கூடுதலாக ஒரு கட்டில் இருக்காதே என்று யோசித்திருக்கிறார். அந்த ஒரு யோசனைதான் உங்களிடம் இல்லாமல் போய்விட்டது.

1968இல் இவான் இலிச் என்ற பாதிரியார், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் மாநாட்டிலேயே எழுந்து நின்று அவர்களை வெளுத்து வாங்கினார். பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அங்கே இருக்கிற மக்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளக்கூட உங்களுக்கு மொழி தெரியாதே என்றும் கேட்டார். அவர் சொன்னதை முழுசாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மழை நாளும் அந்தப் பென்சில் பட்டியலும் நடுவில் வந்து நிற்கின்றன. ஆனால் பாதியை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு வாரம் வருகிறவரைப் பார்க்க வருகிறவர் என்றே அனுப்புங்கள். அவர் அந்த வீட்டில் தங்கட்டும், பணம் கொடுக்கட்டும், மொழி நாலு வார்த்தை கற்றுக்கொள்ளட்டும், மலையைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அதில் ஒரு கேவலமும் இல்லை. சாக்பீஸை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

அப்புறம், விசா. "பயணிகள் விசாவில் போங்கள், கேட்டால் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள், பள்ளிக்கூடம் என்று வாயைத் திறக்காதீர்கள்" என்று எனக்குத் தொலைபேசியில் சொல்லித்தந்தார்கள். மின்னஞ்சலில் எழுதித்தரச் சொன்னபோது பேச்சை மாற்றினார்கள். பல நாடுகளில் சம்பளமில்லாத வேலைக்கும் அந்த விசா செல்லாது. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்வது சட்ட மீறல். மாட்டினால் அபராதமோ நாடு கடத்தலோ மாட்டியவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்கு நேர்மையாக இரு என்று சொல்லிக்கொடுக்கப் போகிறவரை வாசலிலேயே பொய் சொல்லவைக்கிறீர்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். என்னிடம் காவல்துறை நற்சான்று கேட்கவில்லை. பழைய வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம்கூடக் கேட்கவில்லை. என் குணத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் என் வங்கி அட்டை வேலை செய்கிறது என்பது மட்டும்தான். அதை நம்பி 40 குழந்தைகள் உள்ள அறையிலும், 16 வயதுப் பெண் இருக்கும் வீட்டிலும் என்னை விட்டீர்கள். நான் நல்லவன் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர்?

உங்களில் சிலர் இன்னும் அனாதை இல்லங்களுக்கும் ஆள் அனுப்புகிறீர்கள், விலைப் பட்டியலில் பார்த்தேன். அதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கம்போடியாவில் அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. வருகிறவர்களின் பணத்துக்காகவே பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைக்கும் வியாபாரத்தை, 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மீதியெல்லாம் பேசித் திருத்தக்கூடியவைதான். ஆள் அனுப்பும்முன் அந்த டீச்சரிடம் கேளுங்கள், தலைமையாசிரியரிடம் அல்ல, டீச்சரிடம்: உங்களுக்கு யார் வேண்டும், எந்த மாதம் வேண்டும், வகுப்பில் நிற்கவேண்டுமா, உங்கள் பக்கத்தில் உட்காரவேண்டுமா. யாரும் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். கற்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர் குறைந்தது ஒரு பருவம் முழுக்க இருக்கட்டும், பாதியில் வந்து பாதியில் போகிற வேலை வேண்டாம். முன்னால் வந்தவர் எந்தப் பாடம்வரை நடத்தினார் என்று ஒரு நோட்டாவது அந்தப் பள்ளியில் வையுங்கள், அந்தப் பையன் என் வாக்கியத்தை முடித்துவைக்கும் கொடுமை அடுத்தவருக்கு வராது. வீட்டுக்கு ஒருவர் போனதும் மறுநாளே அடுத்தவரை இறக்காதீர்கள், அந்தப் பெண் தன் கட்டிலில் தானே படுக்க நாலு வாரமாவது விடுங்கள், பரீட்சை மாதத்தில் அந்த வீட்டுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். அக்காவுக்கு நான் வருவதை முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னீர்களாம். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லையாம்.

கிளம்புகிற அன்று காலை, நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து நின்றார். அடுத்தது யார், எத்தனை நாள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது அக்கா என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் படுக்கை விரிப்பை உருவ ஆரம்பித்தார்.

அவருக்கும் ஒரு படிவம் அனுப்புங்கள். அவர் மொழியில் அனுப்புங்கள். வந்தவர் எப்படி, வீட்டில் எதற்குச் சிரமம், பணம் எப்போது கைக்கு வந்தது, அடுத்தவர் வேண்டுமா, வேண்டாமா. எனக்கு அவர் ஒரு நட்சத்திரம் போட்டாலும் சரி, அதையும் எனக்கு அனுப்பிவையுங்கள். டீச்சருக்கும் ஒன்று. அந்தப் பெண்ணுக்கும் ஒன்று, பரீட்சை முடிவு வந்த பிறகு.

என் படிவம் இன்னும் முடியவில்லை. 14ஐ விட்டுவிட்டு 15க்குப் போகலாம் என்று பார்த்தேன், நட்சத்திரம் போடாமல் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. உங்களிடமிருந்து நினைவூட்டல் மட்டும் வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இருந்து போய்வந்த ஒருவன்